சாப்பாட்டுக் கடையில் நமது சைவம்
(மன்ற ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுவிழா மேடையிலே திருமுறைகளைப் பற்றிப் பேசாது சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றார்களே என்று பெரியோர்கள் எண்ணக்கூடும். வெள்ளிக்கிழமையிலே அம்மா பரிமாறும் சைவச் சோற்றை உண்பதற்கு நமக்கு எந்தத் துணிவும் வேண்டியதில்லை. படிப்புக்கும் தொழிலுக்கும் வீட்டை விட்டுப் புறப்பட்ட பின்னரே நமது விரதம் நம்முடையதாகின்றது. ஆதலின் இப்பொருளைத் தெரிந்துகொண்டோம்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடற்கரை வீதியாற் செல்பவர்கள் ஒரு புதுமையைக் காண்பார்கள். மருதமுனை முஸ்லிம் ஊர். அடுத்த பாண்டிருப்பு தமிழூர். சாய்ந்தமருது முஸ்லிம் ஊர், காரைதீவு தமிழூர், நிந்தவூர் மீண்டும் முஸ்லிம் ஊர். ஊர்கள் மாறி மாறி வந்தாலும் பேசும் மொழி தமிழ் ஒன்றே. கல்முனைக் கடைத்தெருவிலும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அயலிலும் பசித்தவன் கால் வைப்பது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பம் ஒன்று நடத்தும் கடையிலேதான். தகப்பனார் காசுப் பெட்டியருகிலும் மகன் கொத்து ரொட்டிக் கல்லருகிலும் நிற்பார்கள்.

இக்கரைச் சைவர்களிலே நாள்தோறும் மச்சம் விலக்குவோர் சிலரே. கடலும் களப்பும் சூழ்ந்த ஊர்களிலே மீன் அன்றாட உணவு. ஆயினும் வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, கௌரி விரதம், அம்மன் கோயிற் சடங்கு, கதிர்காம யாத்திரை என்று வந்துவிட்டால் மீன்சட்டி ஒதுங்கிவிடும். அத்தகைய நாளிலே கடைக்குட் போகும் இளைஞன் என்ன செய்வான்?

“மரக்கறிச் சோறு” என்று கேட்டாற் போதும் என்று பலர் நினைக்கின்றனர். போதாது. சோற்றோடு வரும் சம்பலிலே மாசி இருக்கும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை வெயிலிற் காய வைத்ததே மாசி. அதை இடித்துத் தூவினாற் கறிக்குச் சுவையும் தடிப்பும் வரும். சமையற்காரர் அதை மீன் என்று எண்ணுவதில்லை. உப்பு, மிளகாய் போன்ற ஒரு கூட்டுப்பொருளாகவே எண்ணுகின்றார். ஆகவே அவர் “மரக்கறிதான்” என்று சொல்வது பொய்யன்று. சீனிச் சம்பலிலும் சில கடைகளிற் பருப்பிலுங்கூட மாசி சேரும். மரக்கறிக் கொத்து ரொட்டிக்குக் கோழிக் குழம்பு ஊற்றுவதுண்டு. கோழிக் கொத்து அடித்த அதே கல்லிலே அதுவும் அடிபடும். தேநீரோடு ஒரே தட்டிலே பருப்பு வடையும் இறால் வடையும் மீன் ரோல்ஸும் கூடியிருக்கும்.

இந்த நிலையிலே இளைஞர்கள் இரண்டு வழிகளிற் போகின்றார்கள். ஒரு சாரார் வெட்கத்தினால் வாய் திறவாமல் வந்ததை உண்டுவிடுவர். மற்றொரு சாரார் “அவர்கள் கடையிலே நாம் உண்ணலாமா?” என்று ஒதுங்கிப் பசியோடு போவர். முதலாமவர் தம் விரதத்தை இழக்கின்றார். இரண்டாமவர் அயலவரை இழக்கின்றார்.

மூன்றாவது வழி மிக எளியது. “நானா, இதிலே மாசி போட்டிருக்கா? இன்றைக்கு நாங்கள் சைவம்” என்று கேட்பதே அது. “சம்பலிலே இருக்கு தம்பி, பருப்பிலே இல்லை, தயிர் தரட்டா?” என்று பதில் வரும். கல்லைக் கழுவித் துடைத்து ரொட்டி போடச் சொன்னால், கூட்டம் இல்லாத வேளையிலே மறுக்கமாட்டார்கள். மறுத்தால் இடியப்பமும் பழமும் உண்டு, பசி தீரும்.

கேட்பதற்கு நாம் கூசுவது ஏன்? அக்கடைக்காரரே கேட்டுப் பழகியவர் என்பதை மறந்துவிடுகின்றோம். அவர் கொழும்புக்குப் போனால், இறைச்சி ஹலாலா, பன்றிக் கொழுப்புச் சேர்ந்ததா என்று கேட்டுத்தான் உண்பார். கேட்டு உண்பவனின் சங்கடம் இன்னது என்று அவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மிஷன் பாடசாலையிலே பயின்ற நாம், கத்தோலிக்க நண்பர்கள் தவக்கால வெள்ளிகளிலே இறைச்சி விடுவதையும், முஸ்லிம் நண்பர்கள் றமழான் மாதத்திலே நீரும் பருகாதிருப்பதையும் ஒரே வகுப்பிற் கண்டோம். நாவை அடக்குதல் எவர்க்கும் தனியுரிமை அன்று.

காந்தியடிகள் இலண்டனில் மாணவராயிருந்தபோது நண்பர் ஒருவர் அவரைப் பெரியதோர் உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்றார். சூப்பிலே இறைச்சி உண்டா என்று பரிமாறுபவரைக் கேட்க முனைந்ததற்காக நண்பர் சினந்தார். அடிகள் எழுந்து வெளியே போனார். அயலிலிருந்த சைவ உணவுச்சாலை மூடியிருந்தமையால் அன்றிரவு பட்டினி கிடந்தார். நண்பரை வைதாரில்லை, பின் அவரோடு நாடகம் பார்க்கச் சென்றார். கொள்கையும் நட்பும் ஒருவரிடத்திலே ஒருங்கே நிற்கும் என்பதற்கு இது சான்று.

ஆனால், அன்பர்களே, கேட்பது வேறு, சந்தேகிப்பது வேறு. இவ்வேறுபாட்டை நமது மாவட்டமே பட்டறிந்தது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அம்பாறை நகரிலே முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை ஒன்றிற் கறியிலே கிடந்த சிறு கட்டியைக் கண்டு, ஆட்களை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டனர். கேள்வி சிங்களத்திலே வந்தது. காசுப் பெட்டியருகில் நின்றவருக்கு அம்மொழி சரிவரத் தெரியாது. தடுமாறிச் சொன்ன சொல்லை ஒப்புதல் என்று காணொளியாகப் பரப்பினர். கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது அது வெறும் மாக்கட்டியே. அவர்கள் கூறியவாறு உணவிலே கலந்து மலடாக்கும் மாத்திரை உலகில் எங்குமே இல்லை.

அங்கே கேட்டவர்களுக்கு விடை வேண்டியிருக்கவில்லை. நாமோ விடைக்காகவே கேட்கின்றோம், அவ்விடையை நம்புகின்றோம். ஒரே மொழி பேசும் நமக்கு இது எவ்வளவு எளிது! 1985ஆம், 1990ஆம் ஆண்டுகளிலே இக்கரையில் நடந்த கொடுமைகளை இரு சமூகத்து முதியோரும் மறக்கவில்லை. அந்நினைவுகளுக்கிடையே, “நானா” என்றும் “தம்பி” என்றும் அழைத்து ஒரு பிடி சோற்றைப் பற்றி உண்மை பேசிக்கொள்வது சிறு காரியமன்று.

நமது வீட்டையும் சற்றே நோக்குவோம். சைவம் என்ற பெயரிலே மனிதரை வாசலில் நிறுத்திய கடைகள் நம்மிடையே இருந்தன. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து, சாதி காரணமாக உணவுச்சாலையிலே ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. அதன் பின்னும், 1960களின் பிற்பகுதியிலே, யாழ்ப்பாணத்துச் சங்கானையிலே தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. புலால் கலவாத தட்டு ஒரு மனிதனை வெளியே நிறுத்தித் தூய்மையாகுமா? வள்ளுவர் புலால் மறுத்தலை அருளின்மேல் நிறுத்தினார். அருளை விட்டுவிட்டு மரக்கறியை மாத்திரம் பிடித்துக்கொண்டால் அது வெறும் பத்தியம்.

காரைதீவிலே 1892இற் பிறந்து, கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பிலே புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று துறவியானவர் சுவாமி விபுலாநந்தர். பிறர் பள்ளியிலே படித்துத் தம் சமயத்தில் ஊன்றி நின்ற அப்பெரியாரின் ஊரவர் நாம். பிறர் கடையிலே உண்டு நம் விரதத்தில் ஊன்றி நிற்பது நமக்கு அரிதாகுமோ?

இறுதியாக ஒன்று. முஸ்லிம் நண்பர் நம் வீட்டுக்கு வந்தால், தயங்காது உண்ணக்கூடியது நமது சைவச் சாப்பாடே. இறைச்சி எவ்வாறு அறுக்கப்பட்டது என்ற கேள்வியே அங்கு எழாது. கோயிற் படையலை அவர்மேல் வற்புறுத்தலாகாது. அது அவர் சமயத்துக்கு நாம் செய்யும் மரியாதை. வீட்டுச் சமையலை மனமுவந்து பரிமாறலாம். பிரிப்பது என்று சிலர் கருதும் சைவ உணவே இரு சாராரையும் ஒரே பாயில் அமர்த்தவல்லது.

ஆகவே இளைஞர்களே, விரத நாளிலே கடைக்குள் நிமிர்ந்து செல்வோம், இனிமையாகக் கேட்போம், சொன்னதை நம்புவோம், கொடுத்ததை நன்றியோடு உண்போம். பெரியோர்களே, பிள்ளைகள் எங்கே உண்டார்கள் என்று கடிந்துகொள்ளுமுன், எவ்வாறு உண்டார்கள் என்று கேட்டருளுங்கள்.