நிறம் போனால் நஞ்சு போய்விடுமா?

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



கோடையிலே ஒரு நாள், ஆண்டிபட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். "சார், பக்கத்துல ஒரு சாயப்பட்டறை இருக்கு. கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணித் தர்றோம், காசு வேண்டாம், வாழைக்கு விட்டுக்கோங்கன்னு சொல்றாங்க. பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு. விடலாமா?" என்று கேட்டார்.

கிணறு வற்றி, வாழை வாடிக்கொண்டிருக்கிற நேரம். அவர் ஆசைப்பட்டதில் தவறு இல்லை. "அண்ணே, ரெண்டு நாள் பொறுங்க. சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். சோதனையில் என்ன தெரிந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், சாயத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

கலங்கிய தண்ணீர்ப் பானையிலே தேத்தாங்கொட்டையை உரசித் தெளிய வைப்பது நம் பெரியவர்கள் கண்ட வழி. செடி கொடிகளுக்கு அழுக்கைப் பிடிக்கும் குணம் உண்டு. கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் 1990-களில் பேராசிரியர் நமசிவாயமும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களும், வீணாகும் வாழைத்தண்டைக் கொண்டே சாயத்தைப் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். பிறகு தென்னை நார்க்கழிவைக் கரியாக்கியும் சாயத்தைப் பிடித்தார்கள். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். சாயம் போய் அதில் ஒட்டிக்கொள்கிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கமெல்லாம் தார் வெட்டிய பிறகு சாய்த்துப் போடும் வாழைமரம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒட்டிக்கொண்ட சாயம் அழியவில்லை. தண்ணீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாயத்தை உடைப்பதற்கு இன்னொரு முறை உண்டு. அதற்கு ஒளி வினையூக்கி என்று பெயர். வினையூக்கி என்பது மாட்டுச் சந்தைத் தரகர் மாதிரி. வியாபாரத்தை முடித்து வைப்பார். அவர் மாடு வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். வெள்ளைப் பெயிண்டில் சேர்க்கிறார்களே, டைட்டானியம் டை ஆக்சைடு, அதுதான் இதிலே பேர்போனது. 1972-ல் புஜிஷிமா, ஹோண்டா என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள், இந்தப் பொருளின் மேல் ஒளி பட்டால் தண்ணீரையே பிரிக்கலாம் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். ஒளி பட்டதும் தண்ணீரில் வேகம் மிக்க துகள்கள் உண்டாகின்றன. அவை சாயத்தைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. போதிய நேரம் கிடைத்தால் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆகும் வரை உடைக்கின்றன.

இதிலும் சங்கடங்கள் உண்டு. இந்த வெள்ளைத் தூளுக்கு வேண்டியது புற ஊதாக் கதிர். வெயிலிலே அது நூற்றுக்கு ஐந்து பங்குதான். தண்ணீர் கருஞ்சாயமாக இருந்தால் ஒளி உள்ளே போகாது. தூளைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிப்பதும் கஷ்டம். ஆகவேதான் விஞ்ஞானிகள் இரண்டையும் சேர்த்தார்கள். பயிர்க் கழிவுக் கரியின் மேலே வினையூக்கியை ஏற்றி விடுகிறார்கள். கரி சாயத்தை இழுத்துப் பிடிக்கும். ஒளி பட்டதும் வினையூக்கி உடைக்கும். நல்ல முறைதான். ஆனால் பெரும்பாலும் இது இன்னும் ஆய்வுக்கூடத்து வேலைதான். வீட்டுத் தொட்டியில் நாமே செய்து பார்க்கும் காரியம் அல்ல.

இப்போது பாட்டில் தண்ணீருக்கு வருவோம். மண் பரிசோதனை நிலையத்தில் அதன் மின் கடத்தும் திறனை அளந்தோம். உப்பு கூடக் கூட இந்த எண் கூடும். பாசன நீருக்கு 0.75-க்குள் இருந்தால் கவலை இல்லை. 2.25-ஐத் தாண்டினால் ஆபத்து. வாழைக்கு 1-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். அந்தத் தண்ணீர் காட்டியது 6. அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் உப்பு. ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் பாய்ச்ச ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே பாய்ச்சலில் 400 கிலோ உப்பு, எட்டு மூட்டை!

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காகப் பட்டறையிலே உப்பைக் கொட்டுகிறார்கள். வாழைத்தண்டுக் கரி இந்த உப்பைப் பிடிக்காது. ஒளி வினையூக்கி உப்பை உடைக்காது. நிறம் போகும், உப்பு நிற்கும்.

இதற்கு நொய்யல் ஆறே சாட்சி. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992-ல் திறந்தார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் வந்து தேங்கியது. நிலமும் கிணறும் உப்பாகி, விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு ஒரு சொட்டும் வெளியே வராத ஏற்பாடு இருந்தால்தான் நடத்தலாம் என்றாயிற்று. உப்பைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும் கொதிகலனும் வேண்டும். அது செலவு பிடித்த வேலை. இலவசமாகத் தருகிறேன் என்கிறவர் அதைச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஆலைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சோதிக்காமல் பாய்ச்சாதீர்கள். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்து, இடமும் தேதியும் எழுதி, தாமதமில்லாமல் கொடுங்கள்.

2. உப்புச் சோதனையோடு நிற்காதீர்கள். சாயத்தின் நிறம் முதலில் போய்விடும். உடைந்த துண்டுகள் நிறமில்லாமல் தங்கலாம். அவற்றிலும் சில நஞ்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்த்த சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

3. வாழைத்தண்டையோ நார்க்கழிவையோ பட்டறைக்காரர் விலைக்குக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சாயம் பிடித்த கழிவை "எரு" என்று திருப்பித் தந்தால் வாங்காதீர்கள். அதை மக்க வைத்தாலும் நிலத்துக்கு ஆகாது.

அந்த விவசாயி அந்தத் தண்ணீரை விடவில்லை. கிணற்றில் ஊறியதைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டு, வாழைச் சருகை மூடாக்காகப் போட்டு, பாதித் தோட்டத்தைக் காப்பாற்றினார். மீதிப் பாதி போய்விட்டது. "பாதி வாழைதான சார் போச்சு, மண்ணு இருக்குல்ல" என்றார். அடுத்த மழைக்கு அதே மண்ணில் கன்று ஊன்றினார்.

போன பயிரை மறுபடி வைக்கலாம். உப்பேறிய மண்ணை மீட்கப் பல வருஷம் ஆகும். இதை மனதில் வையுங்கள்.