திருவில் தொடங்கும் ஊர்கள்

அண்ணாமலையாரைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்ப விழையும் யாத்திரிகர், திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் நின்று நிமிர்ந்து பார்ப்பாராயின், திருக்கோவிலூர், திருப்பத்தூர், திருப்பதி, திருச்சி என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பலகைகளே அவர் கண்ணில் படும். அவசரத்தில் முதல் இரண்டெழுத்தை மட்டும் படித்துவிட்டு ஏறிய ஒருவர், தெற்கே போக வேண்டியவர் மேற்கே போய்ச் சேர்ந்தாலும் வியப்பதற்கில்லை. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஏழு, ‘திரு’ என்றே தொடங்குகின்றன. திருப்பத்தூர் என்ற பெயரிலோ, வேலூருக்கு மேற்கே ஒன்றும் சிவகங்கைச் சீமையில் ஒன்றுமாக இரண்டு ஊர்கள் உள்ளன.

நம்முடைய ஊராகிய திருவண்ணாமலையின் பெயர் பட்ட பாடு சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒருபுறமாகவும், கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படை மறுபுறமாகவும் இம்மலையின் சுற்றுப்புறத்தில் பொருதிய யுத்தத்தைச் சரித்திரம் எழுதிய ஆங்கிலேயர், ஊரின் பெயரைத் ‘திரினோமலி’ என்று குறித்தனர். சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் இன்றும் ‘திருணாமலை’ என்றே வாய் நிறையச் சொல்வதைக் கேட்கையில், ஆங்கிலேயர் இப்பாமரர் வாயிலிருந்துதான் அதனைப் பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1782-இல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் கடற்போர் புரிந்த ஈழத்துத் திருகோணமலையையோ ஆங்கிலேயர் ‘திரின்கோமலி’ என்றனர். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இவ்விரண்டிற்கும் இடையே ஒரேயோர் எழுத்துத்தான் பேதம்! கடல் கடந்து கிடக்கும் இரண்டு மகா க்ஷேத்திரங்களை ஒரு துளி மை பிரித்து வைத்திருந்தது என்று எண்ணும்போது நெஞ்சம் துணுக்குறுகிறது.

சைவரும் வைணவரும் தம் தெய்வம் உறையும் ஸ்தலத்தை வெறும் பெயரால் அழைக்க மனம் ஒப்பாமல், திருவரங்கம் என்றும் திருவல்லிக்கேணி என்றும் திருவையாறு என்றும் ‘திரு’ என்னும் மரியாதையை முன்னே வைத்து வழங்கினார்கள். வழங்க வழங்க அந்த மரியாதையே பெயரின் அங்கமாகிவிட்டது. ஆனால் இவ்வூரைக் கண்முன் கண்டு பாடிய திருஞானசம்பந்தர், ஏழாம் நூற்றாண்டிலே, உரிமையோடு ‘அண்ணாமலை’ என்றே அழைத்தார். அண்ணாமலைக்கு அவர் அருளிய பதிகங்கள் இரண்டு, கோணமலைக்கு ஒன்று, அங்கும் அவர் வாக்கில் வருவது ‘கோணமாமலை’தான்.