விதை எவர் கையில்?

(உழவர் திருநாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



'உழவும் புதுநுட்பமும்' என்பது எனக்களிக்கப்பட்ட தலைப்பு. புதியதென்றாலே புறந்தள்ளுவோரும் உளர். புதியதென்றாலே கைகூப்புவோரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஆராய்ந்து பார்ப்பதில்லை. ஏற்றம் இறைத்துத் தோள் தேய்ந்தவனிடம் போய், நீரேற்றும் பொறி தீது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால், ஒரு புதுமை வயலுக்குள் நுழையும்போது, அது எதைக் கொண்டு வருகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். இதனை நெல்லை வைத்தே விளக்க விரும்புகிறேன்.

1960-இல் பிலிப்பைன்சு நாட்டின் இலாசு பாஞோசு என்னும் ஊரில், போர்டு, இராக்பெல்லர் என்னும் அமெரிக்க அறக்கட்டளைகளின் பொருளுதவியோடு அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. இந்தோனேசியாவின் உயர்ந்த நெல்லொன்றையும் தைவானின் குட்டை நெல்லொன்றையும் இணைத்து அங்கே உருவாக்கப்பட்ட ஐ.ஆர். 8 என்னும் நெல் 1966-இல் வெளிவந்தது. பழைய நெல்வகைகளுக்கு உரத்தை மிகுத்தால் தாள் நெடிதோங்கிச் சாய்ந்துவிடும். குட்டைப் பயிரோ சாயாது நின்று, இட்ட உரத்தை மணியாக்கியது. அதே காலத்தில் நம் தஞ்சை மாவட்டத்தில் குறுவைக்கென ஆடுதுறை 27 பரவியது. ஏறத்தாழ 105 நாளில் அது அறுவடைக்கு வந்ததால், ஒருபோக நிலங்கள் பல இருபோக நிலங்களாயின. கப்பலில் வரும் கோதுமைக்குக் காத்துக் கிடந்த நாட்டுக்கு அது பெரும்பேறே. அதனை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

ஆனால், பெருகிய நெல் எவர் களஞ்சியத்தை நிரப்பியது? விளைச்சல் பெருகிய அந்நாள்களில்தான், அதற்கு உழைத்த ஒடுக்கப்பட்ட கூலி மக்கள், தம் கூலி நெல்லைச் சற்றே கூட்டிக் கேட்டனர். அப்போராட்டம் முற்றிய கீழ்த்தஞ்சையின் கீழ்வெண்மணியில், 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவில், பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அக்கொடுமைக்கு நான் விதையின்மீது பழி சுமத்தவில்லை. நிலவுடைமையும் சாதியுமே அதற்கு வேர். எனினும், பங்கீடு கோணலாயிருக்கும் நிலத்தில் விளைச்சல் மட்டும் பெருகினால், கோணலும் உடன் பெருகும் என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அடுத்து உழவனின் கணக்கைப் பாருங்கள். முன்னர் விதை அவன் குதிரிலிருந்து வந்தது; எரு அவன் தொழுவத்திலிருந்து வந்தது; உழும் ஆற்றல் அவன் மாட்டிலிருந்து வந்தது. இன்று விதை, உரம், பூச்சிக்கொல்லி, எரிநெய், பொறி வாடகை என அனைத்தையும் கைப்பணம் கொடுத்தே பெறுகிறான். கைப்பணமில்லாதவன் கடன் பெறுகிறான். வாங்கும் பொருளுக்கெல்லாம் விற்பவன் விலை வைக்கிறான்; உழவன் விற்கும் பொருளுக்கும் வாங்குபவனே விலை வைக்கிறான்! மழை பொய்த்தால் வயல் மட்டுமன்றி வட்டியும் அவன் தலையில் விழுகிறது.

நஞ்சின் கதையோ இன்னும் பெரிது. புதிய நெல் பரவிய நாடுகள் பலவற்றில் 1970-களில் புகையான் பெருகிப் பயிரைக் கருக்கியது. நஞ்சைத் தெளிக்கத் தெளிக்கப் பூச்சி குறையாமல் பெருகியது. ஏன்? நெற்றண்டினுள் இடப்பட்ட புகையான் முட்டைகள் நஞ்சுக்குத் தப்பின. புகையானைத் தின்று வயலைக் காத்த சிலந்திகளோ மடிந்தன. காவலனைக் கொன்றபின் கள்வனுக்கு என்ன தடை?

இவ்வுண்மையை உணர்ந்த இந்தோனேசிய அரசு, 1986-இல் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தெளிக்கத் தடை விதித்தது. 1989 முதல் உழவர் வயற்பள்ளிகளை நடத்தியது. ஒரு பயிர்க்காலம் முழுவதும் கிழமைதோறும் உழவர்கள் வயலில் கூடினர். எது பகைப்பூச்சி, எது நட்புப்பூச்சி என்று தாமே எண்ணிப் பார்த்துத் தாமே முடிவு செய்தனர். பல நூறாயிரம் உழவர்கள் இவ்வாறு பயின்றனர். நஞ்சு குறைந்தது, அதனால் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. தோழர்களே, இதுவும் புதுநுட்பந்தான்! ஆனால், கடையில் விற்கும் நுட்பமன்று. உழவன் கண்ணையும் அறிவையும் கூராக்கும் நுட்பம்.

நீருக்கு வருவோம். நீரேற்றும் பொறியும் ஆழ்துளைக் கிணறும் வானம் பார்த்த நிலத்தைப் பசுமையாக்கின. ஆனால், பொறி வந்தபின் ஏரியைத் தூர்வாரும் ஊர்க்கூட்டு உழைப்பு தளர்ந்தது. உலகிலேயே மிகுதியாக நிலத்தடி நீரை இறைக்கும் நாடு இந்தியாவே. கொங்கு நாட்டில் ஆயிரம் அடிக்குக் கீழும் துளையிடுகின்றனர். ஆழத் துளையிடப் பணமுள்ளவன் நீரை எடுக்கிறான். அண்டை நிலத்துச் சிற்றுழவனின் கிணறு வற்றுகிறது. ஏரி ஊருக்குப் பொதுவாயிருந்தது. ஆழ்துளைக் கிணறு பணத்துக்கே உரியதாயிற்று.

அறுவடைப் பொறியையும் எண்ணிப் பாருங்கள். ஓர் ஏக்கரை ஒன்றிரண்டு மணி நேரத்தில் அறுத்து, அடித்து, மணியாக்கித் தருகிறது. முதுகொடிய அறுத்த தாய்மாரின் துன்பம் நீங்குவது நன்றே. ஆனால், துன்பம் நீங்கியபோதே கூலியும் நீங்கிற்றே! அறுப்புக் கூலியாய்ப் பெற்ற நெல்லில் பல திங்கள் உலை வைத்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் எது? பொறியை ஓட்டவும் பழுது நீக்கவும் அப்பெண்களுக்குப் பயிற்சி தந்தோமா? அப்பொறியை ஊர்க் கூட்டுறவின் உடைமையாக்கி, வாடகையில் அவர்களுக்குப் பங்கு தந்தோமா? இவற்றைச் செய்யாமல் பொறியைப் பழிப்பதிலும் பயனில்லை, புகழ்வதிலும் பொருளில்லை.

வழி இல்லாமலில்லை. மடகாசுக்கர் நாட்டில் 1980-களில் உருவான ஒற்றை நாற்று நடவு நம் நாட்டுக்கும் வந்தது. இளநாற்றை ஒன்றொன்றாக இடைவெளி விட்டு நட்டு, நீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாய் விடும் இம்முறைக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ விதையே போதும். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் செயராமன், 170-க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டார். இரண்டு கிலோ விதை பெறும் உழவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே அவர் வகுத்த முறை. 2018-இல் அவர் மறைந்தார். அவர் பரப்பிய விதை மறையவில்லை. விளைந்த விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் உழவர்க்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்புச் சட்டமும் ஏற்றுள்ளது. ஆனால், ஆண்டுதோறும் புதிதாய் வாங்கியே தீரவேண்டிய ஒட்டு விதையைப் பயிரிடுவோனுக்கு அவ்வுரிமை ஏட்டளவே.

இன்று ஆளில்லா வானூர்தி மருந்து தெளிக்கிறது. செல்பேசி வானிலை சொல்கிறது. நாளை இன்னும் பல வரும். எது வரினும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்.

ஒன்று: இதனை உழவனால் வைத்துக்கொள்ளவும், பழுது நீக்கவும், வேண்டாதபோது விலக்கவும் இயலுமா?

இரண்டு: இதன் அறிவு அவன் மொழியில், அவனுக்கு விளங்கும் சொல்லில் வருகிறதா? நச்சுப்புட்டியின் எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் வாயில் நுழையாத பெயர்களிலும் இருந்தால், அஃது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்று: இதனால் மிகும் ஊதியத்தில் நிலமற்ற உழைப்பாளிக்குப் பங்குண்டா?

மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வருமாயின் அந்நுட்பத்தை இரு கை நீட்டி வரவேற்போம். 'இல்லை' என்று வருமாயின், அவ்வாறு ஆக்கித் தரும்வரை அரசையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் ஊர்தோறும் நின்று கேட்போம். இவ்வாண்டு அறுவடையில் ஒவ்வொருவரும் ஒரு மரக்கால் நெல்லையேனும் விதைக்கென எடுத்து வையுங்கள்; நம் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.