வீட்டுக் கணனியின் நோயும் பரிகாரமும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணனியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, இத்துறையில் எம்மினும் வல்லார் இச்சபையிலேயே பலர் இருக்க நாம் எதைச் சொல்வது என்று தயங்கினோம். பின்னர் எமது அயலில் நிகழ்ந்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. அதனைச் சொல்வதற்காகவேனும் வரவேண்டும் என்று ஒப்புக்கொண்டோம்.

இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், எமக்கும் படிப்பித்தவர், தமது ஊரின் பழைய கிணறுகள், மடங்கள், ஒழுங்கைகள், குடும்பங்கள் பற்றிப் பல ஆண்டுகளாகக் கணனியில் எழுதிச் சேர்த்து வந்தார். அந்தக் கணனி தளர்ந்துவிடவே, வெளிநாட்டிலுள்ள மகன் புதியதொன்று வாங்கிக் கொடுத்தான். கோப்புகளைப் புதியதற்கு மாற்றித் திறந்து பார்த்தால், ஒரு தமிழெழுத்தைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடந்தன. திருத்துவோர் ஒருவரிடம் கொண்டுபோனார்.

"தம்பி, உதுக்குள்ளை வைரஸ் பூந்திட்டுதாம். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் சரிக்கட்டலாமாம். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன்" என்று அவர் எம்மிடம் வந்து சொன்னபோது காரியம் முடிந்திருந்தது. பழைய கணனியோ அதற்கு முன்னரே பழைய இரும்பு வாங்குபவனிடம் போய்விட்டது.

அவரிடம் எஞ்சியிருந்த பழைய பென் டிரைவ் ஒன்றில் முற்பகுதி மாத்திரம் இருந்தது. அதனைத் திறந்தோம். அதே தாறுமாறு. ஆனால் மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியில் "பாமினி" என்று இருந்தது. வைரஸ் ஏதும் இல்லை. புதிய கணனியில் பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவே குற்றம். எழுத்துருவை நிறுவினோம், இரண்டு நிமிடத்தில் அவ்வூர்க் கிணறுகள் யாவும் தமிழிலே எழுந்து நின்றன. ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை.

இது ஏன் நிகழ்கிறது என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. "அம்மா" என்று நாம் தட்டினால் கணனி மனத்திற்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதையே. தமிழ் வேடம் போடுவது எழுத்துரு. அது இல்லாத இடத்தில் வேடம் கலைந்துவிடுகிறது. யூனிகோட் முறை அப்படியன்று. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அம்முறையில் எழுதியது, தமிழ் எழுத்துரு ஏதேனும் ஒன்று உள்ள எந்தக் கணனியிலும் தமிழாகவே தோன்றும். பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எமது நாட்டில் எத்தனையோ மலர்களும் கல்வெட்டுகளும் கடிதங்களும் பாமினியில் உறங்குகின்றன. அவற்றையும் எவரேனும் வைரஸ் என்று அழிக்காதிருக்க வேண்டும்.

நிற்க. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற் போல, எதற்கெடுத்தாலும் "போமற் பண்ணுவோம்" என்கிற வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. வைத்தியர் நோயாளியிடம் முதலிற் கேட்பது யாது? எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன உண்டீர் என்பதன்றோ. கணனியிடமும் அதையே கேட்க வேண்டும். நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லையெனில், இடையில் என்ன மாறியது? புதிய மென்பொருள் ஏதும் ஏற்றினீர்களா? பிழைச்செய்தி தோன்றினால் அதனைத் தாளில் எழுதுங்கள், அல்லது கைத்தொலைபேசியாற் படம் எடுங்கள். "ஏதோ இங்கிலீசிலை வந்தது, மூடிப்போட்டன்" என்பாருக்கு எவராலும் உதவ இயலாது.

அணைத்து மீண்டும் போடு என்பதைக் கேட்டுச் சிரிப்பவர் உளர். சிரிக்க வேண்டியதில்லை. ஏதோவொரு செயலி மற்றொன்றுக்காகக் காத்துச் சிக்கி நிற்கும். மீள ஆரம்பித்தால் நினைவகம் துடைபட்டுச் சிக்கு அவிழும். ஆனால் இதிலொரு நுட்பமுண்டு. விண்டோஸ் 8 முதலாகப் பெரும்பாலான கணனிகளில் "ஷட் டவுன்" கொடுத்தால், விரைந்து எழும்பும் பொருட்டு இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே வட்டிற் பதிந்துவைக்கப்படும். மறுநாள் பழைய சிக்கும் அதனோடு எழும்பி வரலாம். "ரீஸ்டார்ட்" கொடுத்தாலே முற்றாகத் துடைபடும். பத்து நாள் அணைத்து அணைத்துப் போட்டும் தீராதது ஒரு ரீஸ்டார்ட்டில் தீர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

கணனி ஆமையாய் நகர்கிறதா? கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்துங்கள். எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்ற கணக்கு அங்கே தோன்றும். கணனி எழும்பும்போதே தாமும் எழும்பும் செயலிகளின் பட்டியலும் அங்குண்டு, வேண்டாதவற்றை நிறுத்திவிடலாம். சீ வட்டு நிரம்பியிருந்தாலும் இக்குறை வரும்.

வேறொரு விசித்திரம். எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வருகிறதென்று ஒரு வீட்டார் அழைத்தார்கள். கைத்தொலைபேசியில் அதே தளங்கள் ஒழுங்காகத் திறந்தன. எனவே குற்றம் இணைப்பில் இல்லை. திரையின் மூலையிலே திகதியைப் பார்த்தோம். பல ஆண்டு பின்னே நின்றது. தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணனியின் மணிக்கூடு பிழைத்தால் நல்ல சான்றிதழும் அதற்குச் செல்லாததாகத் தோன்றும். உள்ளேயிருக்கும் நாணய அளவான பட்டரி செத்திருந்தது. மாற்றியதும் யாவும் சரி. வீட்டுப் பிள்ளைகள் அதுவரை மூன்று வைரஸ் எதிர்ப்பிகளை ஏற்றியிருந்தார்கள் என்பது வேறு கதை. ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய அவற்றைக் களையவே அதிக நேரம் பிடித்தது.

கணனி எழும்பவே மறுத்தால் "சேஃப் மோட்" என்னும் வழியுண்டு. அத்தியாவசியமானவற்றை மாத்திரம் கொண்டு எழும்பும் நிலை அது. 2024 யூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கொம்பனி அனுப்பிய பிழையான புதுப்பிப்பொன்றால், மைக்ரோசொப்ட் மதிப்பிட்டபடி 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத்திரையில் விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அவை வீட்டுக் கணனிகள் அல்ல. எனினும் பரிகாரம் கவனிக்கத்தக்கது. பல இடங்களில் ஊழியர் கணனி கணனியாகச் சென்று, சேஃப் மோட்டில் எழுப்பி, குற்றமுள்ள ஒரு கோப்பை மட்டும் நீக்கி, மீள ஆரம்பித்தார்கள். வட்டை அழிக்க வேண்டியிருக்கவில்லை.

சில வேளைகளில் அழித்து நிறுவுவது தவிர்க்க முடியாததே. அப்போதும், கோப்புகளின் பிரதி வேறொரு வட்டில் இருக்கிறதா, அப்பிரதி திறக்கிறதா என்று உங்கள் கண்ணாலே பார்த்த பின்னரே ஓம் சொல்லுங்கள். கடைக்காரர் "எடுத்து வைச்சிருக்கிறம்" என்றாலும் பாருங்கள். அவர்மீது ஐயங்கொண்டல்ல, அந்தக் கோப்புகளுள் எது பெறுமதியானது என்பது அவருக்குத் தெரியாது.

எமது ஆசிரியர் இழந்த பகுதியை இப்போது மீண்டும் எழுதுகிறார், யூனிகோட்டில். நினைவில் உள்ளது வருகிறது. அவருக்கு அவற்றைச் சொன்ன முதியவர்களில் இருவர் இப்போது இல்லை. அப்பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறார்.

பாமினியில் எழுதிய பழைய கோப்புகள் வைத்திருப்போர், வருகின்ற ஞாயிறு காலை இம்மண்டபத்துக்கே கொண்டு வாருங்கள். இளைஞர்கள் மாற்றித் தருவார்கள். மூலத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதியையே கொண்டு வாருங்கள்.