ஏரி நீர்ப் பங்கீடும் ஊர்ச் சண்டையும்



ஏரியைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட வாரியத்தைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் விதியை, கி.பி. 921-ல் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் கல்வெட்டாகப் பொறித்தார்கள். பதவி 360 நாட்களே.

தமிழகத்தின் மக்கள்தொகை 1951-ல் 3 கோடி, 2011-ல் 7.2 கோடி. ஏரிகள் பெருகவில்லை. தகப்பனாரின் ஒரு வயல் பிள்ளைகளுக்கு நாலு துண்டு, நாலு வாய்மடை. மாசியில் ஏரி வற்றும்போது தலைமடைக்காரர் இரவில் மடை திறக்கிறார். கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வருகிறார். வழக்கென்று போனால் செலவுக்கு அந்த நிலத்தையே விற்க வேண்டியதுதான்!

ஆகவே, நவரைக்கு மதகு திறக்குமுன் ஊர் கூடி, இருக்கும் நீர் எத்தனை ஏக்கர் நெல்லுக்குக் காணும் என்று கணக்கிடுங்கள். போதாவிட்டால் தலைமடையாரும் கடைமடையாரும் சமமாக நெல்லைக் குறைத்து, மீதியில் உளுந்து விதைக்கலாம். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வேலை நீர்க்கட்டியுடையது. அவர் கூலியை இரு தரப்பாரும் கொடுங்கள். ஒரு தரப்பார் மட்டும் அளந்தால் தண்ணீரும் அந்தப் பக்கமே பாயும்.