பரிசோதனையும் நோயாளியும்



நோயறிதலில் பரிசோதனைகளுக்குள்ள சிறப்பிடத்தை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், பரிசோதனை மிகுந்தால் நலமும் மிகும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. இது சரியன்று. சிறு கணக்கொன்றால் இதனை விளக்கலாம்.

ஓர் ஊரில் 1,000 பேரைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவர்களுள் 10 பேருக்கே நோய் உண்டு. நோயுற்ற பத்துப் பேரில் ஒன்பதின்மரைச் சரியாகக் காட்டுவதும், நோயற்ற பத்துப் பேரில் ஒருவரைத் தவறாக நோயாளியெனக் காட்டுவதும் அப்பரிசோதனையின் இயல்பு. முடிவு என்ன? உண்மை நோயாளர் 9 பேர். நோயின்றியே நோயாளர் எனப்பட்டோர் 99 பேர். நோய்க்குறிகள் தெளிவாக உள்ளோரை, அதாவது பாதிப்பேர் நோயுற்றிருக்கும் 1,000 பேரைச் சோதித்தாலோ, 450 பேர் சரியாகவும் 50 பேர் தவறாகவும் காட்டப்படுவர். கருவி ஒன்றே, அதனை யாருக்குப் பயன்படுத்துகிறோம் என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

அந்த 99 பேருக்கும் மேன்மேலும் பரிசோதனைகள், கதிர்வீச்சு, கூலி இழப்பு, கடன், அச்சம் ஆகியவை தொடர்கின்றன. தேவையற்ற மருந்தும் சிலருக்குத் தரப்படுகிறது.

பரிசோதனையே தரமற்றதாயின் தீங்கு இருமடங்காகும். காசநோயை அறிய இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் பரிசோதனைகள் நம் நாட்டுத் தனியார் ஆய்வுக்கூடங்களில் பெருமளவில் நடைபெற்றன. நோயற்றோர் பல மாதங்கள் மருந்துண்ண நேர்ந்தது; அம்மருந்துகளுள் சில ஈரலைப் பாதிக்கக்கூடியவை. நோயுற்றோர் சிலரோ நோயில்லை எனத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களிடமிருந்து நோய் பிறருக்கும் பரவ வழியேற்பட்டது. இவற்றைப் பயன்படுத்தலாகாது என 2011 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. 2012 ஜூனில் இந்திய அரசு இவற்றைத் தடை செய்தது.

பரிசோதனையே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். தேவையற்றவற்றில் செலவாகும் பணமும் ஆய்வுக்கூடப் பணியாளரின் நேரமும் இத்தகைய தேவைகளிலிருந்தே பறிக்கப்படுகின்றன.

ஆகவே, மருத்துவ முகாம்களைத் திட்டமிடும் அலுவலர்கள் சோதிக்கப்பட்டோரின் எண்ணிக்கையைச் சாதனையாகக் கொள்ளலாகாது. அவர்களுள் எத்தனை பேருக்கு நோய் உறுதியாயிற்று, எத்தனை பேர் சிகிச்சை பெற்றனர் என்பதையே கணக்கிடல் வேண்டும். நோயாளியும் தம் மருத்துவரிடம், “இதன் முடிவு எதுவாயினும் என் சிகிச்சை மாறுமா?” எனத் தயங்காது கேட்கலாம். மாறாது என்பது விடையாயின், அப்பரிசோதனையைத் தவிர்ப்பதே நலம்.