கால்நடை மருத்துவ மேற்படிப்பும் நம் இளைஞரும்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கால்நடை மருத்துவத்தில் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள், முதுநிலைப் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில் கண்ட அனுபவங்களைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் நம்மைப் பணித்துள்ளனர். நாம் வரலாறு பயின்று ஆசிரியப் பணிக்கு வந்தவர். கால்நடை மருத்துவம் அறிந்தவர் அல்லர். ஆயினும் நம் பள்ளியில் பயின்ற இருவர் அப்பட்டத்தைப் பெற்றுள்ளனர். ஒருவர் திருச்சுழிப் பக்கத்து இளைஞர். மற்றவர் பந்தல்குடிப் பக்கத்துப் பெண். விடுமுறைதோறும் அவர்கள் நம்மிடம் கூறியவற்றையே இங்குத் தொகுத்துரைக்கின்றோம். தங்கள் பெயரைச் சொல்ல வேண்டா என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை விடுத்தோம்.

முதற்கண் நம் பிழையொன்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். அந்த இளைஞர் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைச் சொல்ல நம்மிடம் ஓடி வந்தார். நாம் வாழ்த்துவதற்கு முன்பாக, "மனித மருத்துவத்திற்கு மதிப்பெண் போதவில்லையா, தம்பி?" என்று கேட்டுவிட்டோம். மலர்ந்திருந்த அவர் முகம் வாடிற்று. செத்த மாட்டைச் சுமக்கும் வேலையைத் தலைமுறை தலைமுறையாக நம்மீது சுமத்தி, அதனையே காரணமாகக் காட்டி நம்மை ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைத்தனர். ஆகவே மாடு என்னும் சொல்லே நமக்குக் கூச்சம் தருவதாயிற்று. அந்தக் கூச்சந்தான் அன்று நம் வாயிலிருந்து பேசியது.

1927 மார்ச்சு மாதம் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழியுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் நம் மக்களுக்கு அறிவுறுத்தினார். அவர் ஒழிக்கச் சொன்னது இழிவை, அறிவையன்று. அவரே 1915-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னும் நில்லாது, மேலும் மேலும் கற்றவர் அல்லரோ? இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், கால்நடை அறிவியலை நாம் விட்டு விலகுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

இப்படிப்பு நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. நாமக்கல்லில் 1985-இலும், திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் 2012-இலும் கல்லூரிகள் எழுந்தன. கால்நடை அறிவியலுக்கெனவே இந்தியாவில் முதன்முதலாக அமைந்த பல்கலைக்கழகம், 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே. இளநிலைப் பட்டப்படிப்பு, பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டு. அதன்மேல் முதுநிலைப் பட்டம் இரண்டு ஆண்டு. நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், தீவன ஊட்டவியல், மரபியல், அறுவை மருத்துவம் எனப் பல துறைகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஆய்வேடு ஒன்றையும் எழுதி முடித்தல் வேண்டும்.

அந்த இளைஞர் தேர்ந்தெடுத்தது நோய்க்குறியியல். இறந்த விலங்கின் உடலை அறுத்துப் பார்த்து, இறப்பின் காரணத்தைக் கண்டறியும் துறை அது. முதுநிலை மாணவராகப் பிண ஆய்வு மேசையின் முன் முதன்முறை தனித்து நின்றபோது தம் கை நடுங்கிற்று என்று அவர் நம்மிடம் சொன்னார். நாற்றத்தாலோ அச்சத்தாலோ நடுங்கவில்லை. ஊரார் ஏவ, செத்த மாடுகளை இழுத்துச் சென்று தோலுரித்த தம் பாட்டனாரின் நினைவு வந்துவிட்டதாம்.

அந்தப் பாட்டனாரின் புறங்கையில் பெரிய தழும்பு ஒன்று இருந்தது. திடீரென்று மாண்ட பசு ஒன்றைத் தோலுரித்த சில நாட்களில் அங்கே கரிய பொருக்குடன் புண் கண்டு, காய்ச்சலில் கிடந்து பிழைத்தாராம். தெய்வக் குற்றம் என்றே வீட்டார் நம்பினர். அடைப்பான் நோயைப் பற்றி வகுப்பில் பயின்ற அன்றுதான் பேரனுக்குப் பொறி தட்டியது. அந்நோயால் இறந்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய குருதி கசியும். அவ்வுடலை அறுத்தலே கூடாது. அறுத்துக் காற்றுப் பட்டால் நோய்க்கிருமி வித்துகளாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். காதுச் சிரையிலிருந்து ஒரு துளி குருதி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தாலே நோயை உறுதி செய்யலாம். தோலுரிப்பவரின் கையில் சிறு கீறல் இருந்தாலும் கிருமி உட்புகுந்து கரும்புண் உண்டாகும். "ஐயா, அந்த மாட்டைத் தொடாதே என்று என் பாட்டனுக்குச் சொல்ல அன்று ஒருவருமில்லை. வேலையைக் கொடுத்தார்கள், அறிவைக் கொடுக்கவில்லை" என்றார் அவர். நாம் மறுமொழி ஒன்றும் சொல்ல இயலாது அமர்ந்திருந்தோம்.

பெண் பிள்ளையின் அனுபவம் வேறு வகையானது. அவர் பயின்றது ஒட்டுண்ணியியல். ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கிக் குருதி உறிஞ்சும் புழுவைப் பற்றியது அவருடைய ஆய்வு. புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி குருதியை இழக்கச் செய்யும் என்பர். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 2,000 புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 100 மில்லி போய்விடும். மழைக்காலத்தில் ஆடுகள் தாடை வீங்கிச் சாவதன் காரணங்களுள் இது முதன்மையானது. இதனைக் கண்டறிய, ஆட்டின் கீழிமையை மடக்கி அதன் உட்புற நிறத்தை ஐந்து நிறப்படிகள் கொண்ட அட்டையோடு ஒப்பிடும் முறை ஒன்றைத் தென்னாப்பிரிக்க அறிஞர்கள் வகுத்துள்ளனர். சிவந்திருப்பின் நலம், வெளுத்திருப்பின் மருந்து வேண்டும். மந்தை முழுமைக்கும் மருந்து கொடாது வெளுத்தவற்றுக்கு மட்டும் கொடுத்தால், பணமும் மிஞ்சும். மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகுவதும் குறையும்.

இப்பாடத்தைக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தனவாம். கூலிக்கு ஆடு மேய்த்த அவருடைய தாயார் நாள்தோறும் இமையை மடக்கிப் பார்த்தே, "இதுக்கு ரத்தம் செத்துப்போச்சு" என்று பிரித்து நிறுத்துவார். கையொப்பமிடவும் அறியாத அத்தாயின் அறிவு, அளவும் எண்ணும் பெற்று அறிவியலாக நிற்பதை மகள் வகுப்பறையில் கண்டார். இருவருக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. தாயார் ஆட்டைப் பார்த்தார். மகளோ நூற்றுக்கணக்கான ஆடுகளைப் பார்த்து, சாணத்தில் புழு முட்டைகளை நுண்ணோக்கியால் எண்ணி, இமையின் நிறத்தோடு அவ்வெண்ணிக்கை பொருந்துகிறதா என்று புள்ளியியலால் மெய்ப்பித்தார். முதுநிலைப் படிப்பு என்பது இதுவே. இளநிலை, கற்றதைச் செய்யப் பயிற்றுகிறது. முதுநிலை, நமக்கென ஒரு கேள்வியை எழுப்பி விடை காணப் பயிற்றுகிறது.

இடர்களையும் மறைத்தல் தகாது. ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுவது பெரும்பாடாக இருந்தது. நெறியாளர் முதல் இயலை நான்கு முறை திருப்பிக் கொடுத்தாராம். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக, உணவு விடுதிக் கட்டணத்திற்கு நண்பரிடம் கடன்பட நேர்ந்தது. "ஆறாண்டு படித்தாயிற்று, இனியாவது வேலைக்குப் போகக்கூடாதா?" என்று இளைஞரின் தந்தை கேட்டார். கேட்டது தவறன்று, கடனுக்கு வட்டி கட்டுபவர் அவரே. பெண்ணுக்கோ திருமணப் பேச்சு ஒவ்வொரு விடுமுறையிலும் எழுந்தது.

சாதியும் உடன் வந்தது. மாதிரி எடுக்கச் சென்ற ஒரு சிற்றூரில் ஆட்டுக்காரர் அன்பாகவே பேசினார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டறிந்த பின் தண்ணீர்த் தம்ளரைக் கையில் தராது திண்ணையின் ஓரத்தில் வைத்தார். அப்பெண் தண்ணீர் அருந்தாமல் வேலையை முடித்துத் திரும்பினார். அன்றைய பதிவேட்டை நமக்குக் காட்டினார். பதினான்கு ஆடுகளின் எண்களும் இமை நிறமும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. தம்ளரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

இத்தனை இடர்ப்பட்டு முதுநிலைப் பட்டம் எதற்கு என்று சிலர் வினவலாம். இளநிலைப் பட்டத்தோடு அரசுக் கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம். அது மதிப்புமிக்க பணியே. ஆனால் கல்லூரியில் கற்பிக்கவும், ஆய்வு நிலையத்தில் எந்நோயை ஆராய்வது என்று முடிவு செய்யவும் முதுநிலைப் பட்டம் இன்றியமையாதது. 1987-இல் அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த அரசூரில்தான் ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. அதற்கு உறவான வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென 2011-இல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்க உலக நாடுகள் முயல்கின்றன. இத்தகைய வேலைகள் ஆய்வுக்கூடத்தில் பிறக்கின்றன. வேம்பூர் ஆடும், இராமநாதபுரம் வெள்ளையும், கன்னி ஆடும் நம் கரிசற் சீமையைச் சார்ந்த இனங்கள். அவற்றை மேய்த்து வளர்த்தவர்களுள் நம் மக்களும் உண்டு. அவற்றைப் பற்றிய நூல்களில் எழுதியோர் பெயராக நம் பிள்ளைகளின் பெயரும் வருதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே கால்நடை மருத்துவப் படிப்பில் சேர்க்கை நடைபெறுகின்றது. உயிரியல், இயற்பியல், வேதியியல் பாடங்களை ஊன்றிப் படியுங்கள். கணக்கை வெறுக்காதீர்கள், ஆய்வில் அது மீண்டும் வந்து நிற்கும். பட்டம் பெற்றோர் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய நுழைவுத் தேர்வையும் எழுதுங்கள். இசாத்நகர், கர்னால் போன்ற இடங்களிலுள்ள தேசிய நிறுவனங்களின் வாயில் அதனால் திறக்கும்.

கழகப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி மாணவர்க்கு நோட்டுப் புத்தகம் வழங்குவதோடு அமையாது, முதுநிலை பயில்வோர்க்கென ஒரு கைமாற்று நிதியை இவ்வெள்ளிவிழா ஆண்டில் தொடங்குங்கள். உதவித்தொகை வரும்வரை கொடுத்து, வந்தபின் திரும்பப் பெறலாம். நம் இருவருக்கும் வேண்டியிருந்தது அந்த மூன்று, நான்கு மாத ஆதரவே. நம் பங்காக ஒரு மாத ஊதியத்தை இந்நிதிக்கு இம்மேடையிலேயே அளிக்கின்றோம்.

இறுதியாக ஒன்று. இவ்வாண்டு நம் பள்ளி மாணவி ஒருத்தி, கால்நடை மருத்துவத்திற்கு விண்ணப்பித்திருப்பதாக வந்து சொன்னாள். இம்முறை நாம் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. "எந்த நோயை ஆராயப் போகிறாய், அம்மா?" என்று கேட்டோம். அவள் சற்று யோசித்துவிட்டு, "படித்துவிட்டுச் சொல்கிறேன், ஐயா" என்றாள். அந்த விடைக்காகக் காத்திருக்கின்றோம்.

வாழ்க கழகம்! வளர்க கல்வி!